யோம் தோவ் விளக்கும் நேற்றைய சுடரும்: யூத வீட்டில் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு

ஹைஃபாவில் ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்த முதல் வருடம், யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவின் இரண்டாவது இரவு. சமையலறை மேடையில் இருந்த கண்ணாடி டம்ளருக்குள் எட்டிப் பார்த்தால் சுடர் இல்லை. அடியில் கொஞ்சம் மெழுகு, நடுவில் கருகிய திரி, அவ்வளவுதான். சவ்தா (எபிரேயத்தில் பாட்டி, நான் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்) வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் துணி கட்டி, விளக்கேற்றத் தயாராக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நான் இழுப்பறையைத் திறந்து லைட்டரை எடுத்தேன். அவர் இரண்டு கையையும் தூக்கி "லோ, லோ" என்றார். வேண்டாம், வேண்டாம் என்று. குரலில் கோபம் இல்லை, ஆனால் முகம் வாடிவிட்டது, அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

என்ன தப்பு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. நேற்று மாலை பண்டிகை விளக்கைத் தீக்குச்சி உரசித்தானே ஏற்றினார்? இன்று ஏன் கூடாது? கீழ்வீட்டு அம்மா வந்து விளக்கிச் சொன்ன பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு பண்டிகையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டதை, இப்படிப்பட்ட வீடுகளுக்குப் புதிதாக வருகிற நம் ஆட்களுக்காக எழுதுகிறேன். வேலைக்கு வராதவர்களும் படிக்கலாம். விளக்கேற்றுகிற பழக்கம் உள்ள நமக்கு இது ஒன்றும் அந்நியமாகத் தெரியாது.

முதலில் அந்த ஒரு விதி

ஷப்பாத் என்றால் வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை ஓய்வு நாள். அன்று நெருப்பை மூட்டவே கூடாது, பைபிளின் யாத்திராகமம் 35:3 அதை நேராகவே சொல்கிறது. வெள்ளி மாலை சூரியன் மறைவதற்குள் விளக்கை ஏற்றிவிட்டால் அப்புறம் அதைத் தொடுகிற பேச்சே இல்லை.

பண்டிகை நாளுக்கு யோம் தோவ் என்று பெயர். அதற்கு விதி வேறு. அதே யாத்திராகமத்தில் 12:16இல், வேலை எதுவும் செய்யக் கூடாது, ஆனால் ஒவ்வொருவரும் சாப்பிடுவதற்கு வேண்டியதைச் செய்யலாம் என்று இருக்கிறது. சாப்பாடு செய்ய நெருப்பு வேண்டும், அதனால் யோம் தோவில் நெருப்பைப் பயன்படுத்தலாம். சமையலுக்கு அனுமதித்த நெருப்பைப் பண்டிகைக்குத் தேவையான மற்றவற்றுக்கும் பயன்படுத்தலாம் என்று தால்முத் என்ற பழைய யூத சட்ட நூல் உருவான காலத்து அறிஞர்கள் விரித்தார்கள், வெளிச்சமும் அதில் அடங்கும். ஆனால் அதற்கு ஒரு எல்லை வைத்தார்கள்: இல்லாத நெருப்பைப் புதிதாக உண்டாக்கக் கூடாது. ஏற்கெனவே எரிகிற சுடரிலிருந்து இன்னொன்றைப் பற்றவைக்கலாம். தீக்குச்சி உரசுவது, லைட்டர் தட்டுவது, ஸ்விட்ச் போடுவது எல்லாம் கூடாது. தீக்குச்சியின் தலையை எரிகிற சுடரில் காட்டிப் பற்றவைத்தால் சரி, பெட்டியில் உரசினால் தப்பு. குச்சி ஒன்றுதான், நெருப்பு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

இன்னொன்று, அணைக்கவும் கூடாது. ஊதுவது, விரலால் நசுக்குவது, குச்சியை உதறுவது எதுவும் இல்லை. இதை நம் ஊர்ப் பெண்களுக்கு நான் விளக்கவே தேவையில்லை. விளக்கை வாயால் ஊதக் கூடாது, அணை என்றுகூடச் சொல்லக் கூடாது, குளிர வை என்று சொல் என்று பாட்டி திட்டி வளர்ந்தவர்கள்தானே நாம். ஆனால் இங்கே குளிர வைக்கவும் முடியாது, தானாக எரிந்து தீர வேண்டும்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், புதிதாக உண்டாக்கக் கூடாது, இருப்பதிலிருந்து எடுக்கலாம். அப்படியானால் பண்டிகை தொடங்குவதற்கு முன்பே ஒரு சுடரை ஏற்றிக் கடைசி வரை அணையாமல் காப்பாற்ற வேண்டும். விளக்கேற்றுகிற சட்டத்தில் நம் கைக்கு வருகிற வேலை கிட்டத்தட்ட முழுவதும் அந்த ஒரு சுடரைப் பற்றியதுதான்.

எந்த நாளெல்லாம்

இஸ்ரேலில் யோம் தோவ் என்று வருவன: ரோஷ் ஹஷானா இரண்டு நாள், சுக்கோத் என்ற கூடாரப் பண்டிகையின் முதல் நாள், அது முடிந்து வரும் ஷெமினி அட்ஸெரெத் (சிம்ஹாத் தோரா என்றும் சொல்வார்கள்), பெசாஹின் முதல் நாளும் ஏழாம் நாளும், வாரங்களின் பண்டிகையான ஷவுவோத். நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் பஸ்கா என்று சொல்வதுதான் பெசாஹ். இஸ்ரேலுக்கு வெளியே ரோஷ் ஹஷானா மட்டுமல்ல, இவை எல்லாமே இரண்டிரண்டு நாள். லண்டனிலோ டொரோண்டோவிலோ யூத வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இரண்டாவது இரவுச் சிக்கல் ஒவ்வொரு பண்டிகையிலும் வரும் என்று அர்த்தம். யோம் கிப்பூர் தனி, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஹனுக்காவை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எட்டு இரவும் விளக்கேற்றுகிற பண்டிகை அதுதான் என்பதால் வெளியிலிருந்து வருகிற எல்லோருக்கும் முதலில் தெரிவது அது. ஆனால் சட்டப்படி அது யோம் தோவ் இல்லை, அன்று தீக்குச்சி உரசத் தடை எதுவும் கிடையாது.

முந்தின நாளே செய்ய வேண்டியவை

கடைக்குப் போய் "நேர் நெஷமா" கேளுங்கள். இறந்தவர் நினைவு நாளில் ஏற்றுகிற விளக்கு அது, டம்ளருக்குள்ளோ தகர டப்பாவுக்குள்ளோ மெழுகு ஊற்றி வைத்திருப்பார்கள், எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும். பண்டிகைக்குக் காப்பாற்றும் சுடராகவும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இங்கேதான் நான் முதல் வருடம் தவறினேன், அதனால் இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். சாதாரணமாகக் கிடைப்பது 24 மணி நேரம் எரிவது. முதல் மாலை சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பு ஏற்றினால், மறுநாள் இரவு நட்சத்திரம் தெரிகிற நேரம் வரை 25 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். கணக்கு அங்கேயே இடிக்கிறது. நான் வேறு, வேலை ஒன்று முடியட்டும் என்று மதியமே ஏற்றி வைத்துவிட்டேன். அது சரியாகத் தன் நேரத்துக்கு எரிந்து முடிந்துவிட்டது, விளக்கின் மேல் ஒரு குற்றமும் இல்லை. இரண்டு நாள் பண்டிகை என்றால் 48 மணி நேர விளக்கு வாங்குங்கள், பின்னாலேயே ஷப்பாத்தும் சேர்ந்து வந்தால் 72 மணி நேரத்தது. இப்போது நான் எப்போதும் இரண்டு ஏற்றி வைக்கிறேன், ஒன்று சமையலறையில், ஒன்று குளியலறைத் தொட்டிக்குள். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும்.

எங்கே வைப்பது? திரைச்சீலை, துணி, சன்னல் காற்று எதுவும் அண்டாத இடம். அடியில் ஒரு உலோகத் தட்டு. கண்ணாடி டம்ளர் சூட்டில் வெடிப்பதுண்டு, அதனால் நான் அதை எப்போதும் ஒரு பழைய வாணலிக்குள் வைப்பேன்.

அடுத்தது பண்டிகை விளக்கு. சட்டப்படி ஒன்று போதும். இரண்டு வைப்பது ஊரறிந்த வழக்கம், ஓய்வு நாளை "நினை", "காத்துக்கொள்" என்று பத்துக் கட்டளைகள் இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொல்வதற்கு அடையாளமாக வந்தது. சில வீடுகளில் பிள்ளைக்கு ஒன்று வீதம் கூட்டுவார்கள். எங்கள் சவ்தா ஐந்து ஏற்றுவார், மூன்று பிள்ளைகள். அவர்கள் எல்லோரும் இப்போது தாத்தா பாட்டி ஆகிவிட்டார்கள், ஆனாலும் ஐந்து. எத்தனை என்பதை வீட்டில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். எண்ணெயில் ஆலிவ் எண்ணெயைச் சிறப்பாகச் சொல்கிறது ஷுல்ஹான் அருக், சஃபெத் நகரத்து ரபி (யூத மத அறிஞர்) யோசெஃப் காரோ எழுதி 1565இல் வெனிஸில் முதலில் அச்சான சட்டத் தொகுப்பு. மெழுகுவத்தியும் சரிதான். எதுவானாலும், இருட்டிய பிறகு சாப்பாட்டு மேசையில் அதன் வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற அளவுக்காவது எரிய வேண்டும், பாதிச் சாப்பாட்டில் தீர்ந்துபோகிற துண்டு மெழுகுவத்தி உதவாது.

ஒரு நுணுக்கம். மெழுகுவத்தி தண்டில் ஆடினால் அடியைக் கொஞ்சம் உருக்கி ஒட்டவைப்பது நம் கைப்பழக்கம். யோம் தோவ் தொடங்கிய பிறகு அது கூடாது, மெழுகைத் தேய்த்துப் பூசுகிற வேலையாக அதைக் கணக்கிடுகிறார்கள். அடியைக் கத்தியால் சீவுவது, திரியைக் கத்தரிப்பது இதெல்லாமும் இல்லை. அதனால் இரண்டாவது இரவுக்கு வேண்டிய மெழுகுவத்திகள் அந்தத் தண்டுகளில் பொருந்துகின்றனவா என்று முதல் நாளே, பண்டிகை தொடங்கும் முன், செருகிப் பார்த்து எடுத்து வைத்துவிடுங்கள். சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி மிதக்கும் திரி போடுகிற வீடு என்றால் இந்தத் தொல்லையே இல்லை. முதல் நாள் கிண்ணத்தைச் சுரண்டிக்கொண்டு நிற்காமல் இன்னொரு செட் கிண்ணம் வைத்துக்கொண்டால் போதும்.

அடுப்பையும் பார்த்துவிடுங்கள். சில கேஸ் அடுப்புகளில் குமிழைத் திருப்பினாலே பொறி தட்டும், அது புது நெருப்பு. மின் ப்ளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டால் கேஸ் மட்டும் வரும், காப்பாற்றி வைத்த சுடரிலிருந்து ஒரு குச்சியைப் பற்றவைத்து அடுப்பை மூட்டலாம். தீயைக் கூட்டலாம், குறைக்கிறதுதான் பிரச்சினை.

முதல் மாலை

நேரம் ஊருக்கு ஊர் மாறும். பல ஊர்களில் சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பு, ஹைஃபாவில் 30 நிமிடம், எருசலேமில் 40 நிமிடம். நம் ஊரில் விளக்கு வைக்கிற நேரம் என்று பொதுவாகச் சொல்வோமே, அதை இவர்கள் நிமிடக் கணக்கில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். பண்டிகை நாட்காட்டியில் ஊர்ப் பெயருக்கு நேரே இருக்கும். சுடரைக் காக்கும் நேர் நெஷமாவை இந்த நேரத்துக்குச் சற்று முன்பு ஏற்றுங்கள், முன்னாலேயே வேண்டாம். இதற்குத் தீக்குச்சி உரசலாம், பண்டிகை இன்னும் தொடங்கவில்லை. இதை நீங்களே ஏற்றினாலும் தவறில்லை.

பண்டிகை விளக்கை ஏற்ற வேண்டியவர் வீட்டுப் பெண்மணி. ஆண் தனியாக இருந்தால் அவருக்கும் அதே கடமைதான். ஏற்றும்போது சொல்கிற ஆசி வாக்கியத்துக்கு பிராகா என்று பெயர்: "பாருக் அத்தா அதோனாய் எலொஹேனு மெலெக் ஹாஓலாம், அஷெர் கித்ஷானு பெமிட்ஸ்வோதாவ் வெட்ஸிவானு லெஹத்லிக் நேர் ஷெல் யோம் தோவ்." எங்கள் கடவுளாகிய ஆண்டவரே, உலகத்தின் அரசரே, உமது கட்டளைகளால் எங்களைப் புனிதப்படுத்தி, பண்டிகை விளக்கை ஏற்றக் கட்டளையிட்ட நீர் போற்றப்படுவீராக என்று பொருள். நீங்கள் இதைச் சொல்ல வேண்டியதில்லை, எதிர்பார்க்கவும் மாட்டார்கள். வாக்கியம் தெரிந்திருந்தால், மறதி உள்ள முதியவர் நடுவில் நிற்கும்போது அடுத்த சொல் எது என்று உங்களுக்குப் புரியும், அதற்காகத்தான் எழுதினேன். அதில் கடவுள் பெயர் இருப்பதால் சும்மா பழகிப் பார்க்கும்போது அதோனாய் என்ற இடத்தில் ஹஷெம் என்று சொல்வார்கள்.

அதைத் தொடர்ந்து ஷெஹெஹெயானு, எங்களை உயிரோடு வைத்து இந்த நேரம் வரை கொண்டுவந்தவரே என்று நன்றி சொல்வது. சவ்தா இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நிறுத்தி நிறுத்திச் சொல்வார். தொண்ணூறைத் தாண்டியவர் வாயிலிருந்து அந்தச் சொற்களைக் கேட்பது வேறு மாதிரி இருக்கும். பெசாஹின் ஏழாம் நாளில் மட்டும் இது கிடையாது, அது தனிப் பண்டிகையாகக் கணக்கில்லை. ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா வழி வந்த செபார்டி யூத மரபில் பல வீடுகளில் விளக்கின்போது இதைச் சொல்வதில்லை, பிறகு திராட்சை ரசக் கோப்பையோடு வருகிற கித்துஷில் கேட்டுக்கொள்வார்கள். கீழ்வீட்டு அம்மா அப்படித்தான்.

முதலில் ஏற்றுவதா, முதலில் ஆசியா? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஷப்பாத் அன்று, மத்திய, கிழக்கு ஐரோப்பா வழி வந்த அஷ்கெனாசிப் பெண்கள் முதலில் ஏற்றி, கையால் கண்ணை மூடிக்கொண்டு, பிறகு பிராகா சொல்வார்கள். பிராகா சொன்னவுடன் ஷப்பாத்தை ஏற்றுக்கொண்டதாகிவிடும், அதன் பிறகு நெருப்பைத் தொட முடியாது, அதனால் இந்தத் தலைகீழ் வரிசை. யோம் தோவில் அந்தச் சிக்கல் இல்லையே, சுடரிலிருந்து சுடர் எடுக்கலாமே, அப்படியானால் மற்ற எல்லாக் கட்டளைகளையும் போல முதலில் பிராகா, அப்புறம் செயல் என்றுதானே இருக்க வேண்டும்? இப்படிக் கேட்டவர் பேலா என்ற பெண்மணி. லெம்பெர்க்கில், இன்றைய உக்ரைனின் லிவிவ் நகரத்தில், 1614இல் காலமான பெரிய சட்ட அறிஞர் ரபி யெஹோஷுவா ஃபால்க்கின் மனைவி. தாயின் இந்த வாதத்தை மகன் யோசெஃப், தந்தையின் நூலுக்கு எழுதிய முன்னுரையில் பதிந்து வைத்தார். பிற்பாடு போலந்தில் அவ்ரஹாம் கொம்பினர் இதை ஏற்கவில்லை, ஷப்பாத்துக்கு ஒரு விதம், பண்டிகைக்கு ஒரு விதம் வேண்டாம் என்றார். ப்ராக் நகரத்து யெஹெஸ்கெல் லந்தாவ் பேலாவின் பக்கம் நின்றார். நானூறு வருடம் ஆகியும் அந்த அம்மாவின் பேச்சு சட்ட நூல்களில் நின்று விவாதிக்கப்படுகிறது, எத்தனையோ அஷ்கெனாசி வீடுகளில் யோம் தோவ் மாலையில் பெண்கள் அவர் சொன்ன வரிசையில்தான் ஏற்றுகிறார்கள். செபார்டிகளில் பலர், ரபி ஓவாதியா யோசெஃப் தீர்த்துச் சொன்னபடி, ஷப்பாத்திலும்கூட முதலில் பிராகாதான். எங்கள் சவ்தா தன் அம்மா செய்ததைப் போல இரண்டு நாளிலும் ஏற்றிவிட்டுக் கண்ணை மூடுகிறார். அது அவர் வழி. உங்கள் வீட்டில் எது என்று பார்த்து அதன்படி நில்லுங்கள், மேலே எழுதியதைக் காட்டித் திருத்தப் போகாதீர்கள்.

கை நடுங்குகிறவர்களுக்கு நீளமான மெல்லிய மெழுகுவத்தி ஒன்றை ஏற்றும் குச்சியாகக் கொடுங்கள், தீக்குச்சி சீக்கிரம் விரலைச் சுடும். நான் அவர் முழங்கையை அடியிலிருந்து தாங்கிக்கொள்வேன், திரியில் தொடுவது அவர் கை. ஐந்தையும் ஏற்ற மூன்று நிமிடம் ஆகும், ஆகட்டும். ஏற்றி முடிந்ததும் பக்கத்தில் ஒரு பீங்கான் தட்டைத் தயாராக வைத்திருங்கள், எரிகிற குச்சியை அதில் அப்படியே படுக்க வைத்தால் தானாக அடங்கும்.

சுக்கோத்தில் குடிலுக்குள் ஏற்றுவது வழக்கம். ஓலையும் துணியும் தாளலங்காரமும் நிறைந்த இடம், காற்று வேறு. பயமாக இருந்தால் வீட்டுக்குள்ளேயே ஏற்றலாம், அதற்கு இடம் உண்டு.

இரண்டாவது இரவு

இதில் அவசரப்படவே கூடாது. முதல் நாளில் இரண்டாம் நாளுக்காக எந்த ஏற்பாடும் செய்யக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது, ஒரு புனித நாள் இன்னொன்றுக்கு வேலைக்காரனாக இருக்கக் கூடாது என்று நான் புரிந்துகொண்டேன். அதனால் மாலை ஐந்து மணிக்கே மேசை விரித்து மெழுகுவத்தி செருகி வைப்பது நடக்காது. நட்சத்திரம் தெரிந்து நன்றாக இருட்டிய பிறகுதான் செருகுவது, எண்ணெய் ஊற்றுவது, ஏற்றுவது எல்லாம். முதியவர்களுக்குப் பசி தாங்காது, சாயங்காலமே கொஞ்சம் ஏதாவது கொடுத்துவிடுங்கள்.

ஏற்றும் முறை எளிது. காப்பாற்றி வைத்த டம்ளருக்குள் நீண்ட மெழுகுவத்தியையோ தீக்குச்சியையோ விட்டுப் பற்றவைத்து, அதைக் கொண்டு பண்டிகை விளக்கை ஏற்றுவது. டம்ளரில் மெழுகு பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும், குட்டையான குச்சி எட்டாது, கை சுடும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், நீளக் குச்சி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ரோஷ் ஹஷானா இரண்டாம் இரவில் மேசையில் ஒரு புதுப் பழம் இருக்கும், அந்தப் பருவத்தில் இன்னும் சாப்பிடாதது, எங்கள் வீட்டில் மாதுளை. இரண்டு நாளும் சேர்ந்து ஒரே நீண்ட நாள் என்றும் ஒரு கருத்து இருப்பதால் இன்று மறுபடி ஷெஹெஹெயானு சொல்லலாமா என்ற சந்தேகம் வரும். புதுப் பழத்தைப் பார்த்தபடியோ புது உடை உடுத்தியோ சொன்னால் அந்த நன்றி அதற்கும் சேர்ந்துவிடும். ஆகவே மாதுளையை முந்தின நாள் எடுத்து உரித்துவிடாதீர்கள்.

சுடர் அணைந்துவிட்டால்? அக்கம்பக்கத்தில் கேளுங்கள். அந்த முதல் வருடம் நாங்கள் அதைத்தான் செய்தோம். நான் கீழே போய்க் கதவைத் தட்டினேன். கீழ்வீட்டு அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்ததும் ஊறுகாய் பாட்டில் ஒன்றை எடுத்து, அதற்குள் ஒரு குட்டி மெழுகுவத்தியை நிறுத்தி, தன் வீட்டுச் சுடரிலிருந்து பற்றவைத்துக் கையில் கொடுத்தார். யோம் தோவில் பண்டிகைத் தேவைக்கு நெருப்பை இப்படி எடுத்துப் போகத் தடையில்லை. இரண்டு மாடி. படிக்கட்டு விளக்கு வேறு எரியவில்லை, அந்தச் சுடரின் வெளிச்சத்திலேயே ஏறினேன், பாட்டிலின் வாயில் உள்ளங்கையைக் காற்றுக்கு மறைப்பாக வைத்து, ஒவ்வொரு படியிலும் சுடர் சாய்ந்தால் நின்று, நிமிர்ந்ததும் அடுத்த படி. உள்ளே வந்தபோது சவ்தா எழுந்து நின்றுகொண்டிருந்தார். யாருடைய உதவியும் இல்லாமல் அவர் எழுந்து நின்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சனிக்கிழமை குறுக்கே வந்தால்

மூன்று விதமாக வரும். பண்டிகையும் ஷப்பாத்தும் ஒரே நாள் என்றால் வெள்ளி மாலை சூரியன் மறைவதற்கு முன்பே ஏற்றியாக வேண்டும், பிராகாவின் முடிவு "நேர் ஷெல் ஷப்பாத் வெஷெல் யோம் தோவ்" என்று மாறும். அன்று முழுக்க ஷப்பாத் விதிதான், சுடரிலிருந்து சுடர் எடுப்பதும் இல்லை.

ஷப்பாத் முடிந்து அதே இரவு யோம் தோவ் என்றால், நன்றாக இருட்டிய பிறகு "பாருக் ஹமவ்தில் பேன் கோதெஷ் லெகோதெஷ்" என்று சொல்லி ஷப்பாத்தை விடை கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமையே ஏற்றி வைத்த சுடரிலிருந்து ஏற்ற வேண்டும். ஒரு புனிதத்துக்கும் இன்னொரு புனிதத்துக்கும் இடையே வேறுபாடு வைத்தவர் போற்றி என்று அர்த்தம். 2026 ரோஷ் ஹஷானா இந்த இரண்டும் சேர்ந்தது: செப்டம்பர் 11 வெள்ளி மாலை தொடங்குகிறது, இரண்டாம் இரவு சனி இரவு. 2027லும் அப்படியே, அக்டோபர் 1 வெள்ளி மாலை.

மூன்றாவது, யோம் தோவ் வெள்ளிக்கிழமையில் வந்து ஷப்பாத்துக்குள் நுழைவது. 2026 ஷவுவோத் இப்படித்தான், மே 22 வெள்ளி. பண்டிகைக்கு முந்தின நாளே, அதாவது வியாழன் பகலில், ரொட்டியும் வேகவைத்த ஒரு முட்டையும் போல ஏதாவது எடுத்து வைத்து ஏருவ் தவ்ஷிலின் என்ற சிறு சடங்கைச் செய்வார்கள். இதனால் யோம் தோவில் ஷப்பாத்துக்காகச் சமைக்கவும் விளக்கேற்றவும் எங்களுக்கு அனுமதி ஆகட்டும் என்று அரமேய மொழியில் சொல்வார்கள், விளக்கு என்ற சொல்லே அதில் வரும். குளிர்சாதனப் பெட்டியில் தனியாகத் தட்டில் மூடியிருக்கிற அந்த முட்டையை மிச்சம் என்று நினைத்துச் சாப்பிட்டுவிடாதீர்கள், தூக்கிப் போடவும் வேண்டாம், ஷப்பாத் வரை அது அங்கேயே இருக்க வேண்டும். வெள்ளி மாலை விளக்கு சூரியன் மறைவதற்கு முன்பு, இருக்கும் சுடரிலிருந்து.

உங்கள் கை எதுவரை

நாம் யூதர் இல்லை, நாம் தீக்குச்சி உரசினால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அவர்கள் தாங்கள் செய்யக் கூடாததை நம்மைச் செய்யச் சொல்லவும் கூடாது, நாமாகவே அவர்களுக்காகச் செய்தாலும் அந்த வெளிச்சத்தை அவர்கள் பயன்படுத்துவதில் சிக்கல் வரும். பண்டிகை விளக்கை நாம் ஏற்றினால் அது அவர்கள் கடமையில் சேரவும் சேராது. உங்கள் அறையில் உங்கள் தேவைக்கு நீங்கள் விளக்கு போட்டுக்கொள்ளலாம், அது உங்களுக்கானது. உடம்பு சரியில்லாதவருக்கு விதி தளரும், இரவில் மருந்து கொடுக்க வெளிச்சம் வேண்டும் என்றால் தயங்க வேண்டாம். எதை எதைச் செய்யலாம் என்று பண்டிகைக்கு முன்பே அந்தக் குடும்பத்தாரிடம் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள், அவர்கள் தங்கள் ரபியிடம் கேட்டுச் சொல்வார்கள்.

ஒன்றை மட்டும் யாரிடமும் கேட்க வேண்டாம். துணியில் பற்றிவிட்டது, புகை வருகிறது, உயிருக்கு ஆபத்து என்றால் ஷப்பாத்தோ யோம் கிப்பூரோ எதுவானாலும் உடனே அணையுங்கள், இஸ்ரேலில் தீயணைப்புக்கான எண் 102க்குப் போன் செய்யுங்கள். உயிரைக் காப்பது மற்ற எல்லா விதிக்கும் மேல் என்பதும் இவர்கள் சட்டம்தான்.

யோம் கிப்பூர்

இது பட்டினி நாள், நெருப்பு விஷயத்தில் ஷப்பாத்தைப் போலவே. சூரியன் மறைவதற்கு முன்பு ஏற்றிவிட வேண்டும், பிராகா "நேர் ஷெல் யோம் ஹகிப்பூரிம்" என்று முடியும். இறந்த பெற்றோருக்காக ஒரு நேர் நெஷமாவும் பல வீடுகளில் உண்டு. இவை போக இன்னும் ஒரு விளக்கு மறுநாள் இரவு வரை எரிய வேண்டும். சாதாரண யோம் தோவ் முடியும்போது செய்கிற ஹவ்தலா என்ற விடைகொடுக்கும் சடங்கில் நெருப்புக்கு ஆசி சொல்வதில்லை, அன்றுதான் நெருப்பைப் பயன்படுத்திக்கொண்டே இருந்தார்களே. யோம் கிப்பூரில் நெருப்பு நாள் முழுக்கத் தொடப்படாமல் இருந்தது, அதனால் அந்த இரவு ஆசி உண்டு, அதுவும் நேற்றிலிருந்து அணையாமல் எரிந்துகொண்டு, யாரும் தொடாமல் ஓய்வில் இருந்த சுடரை வைத்து. ஆகவே இங்கேயும் 24 மணி நேர விளக்கை நம்பாதீர்கள்.

நட்சத்திரம் தெரிந்ததும் அந்தச் சுடரிலிருந்து ஹவ்தலா மெழுகுவத்தியைப் பற்றவைப்பார்கள். சவ்தா விரல் நகங்களை அதன் பக்கம் நீட்டி வெளிச்சத்தில் பார்ப்பார், ஆசி சொல்வார், மெழுகுவத்தியைத் திராட்சை ரசத்தில் நனைத்து அணைப்பார். அந்தச் சத்தம் கேட்டதும் நீங்கள் தாராளமாகத் தீக்குச்சி உரசலாம். அடுப்பை மூட்டி முதலில் அவருக்கு ஒரு டீ போட்டுக் கொடுங்கள், நேற்று மாலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார்.